கோரைக்குளத்தில் நூற்று நாற்பத்து மூன்று தட்டான்கள்

என் குறிப்பேட்டின் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நான்கு சொற்களைப் பென்சிலால் எழுதிப் பின்னர் நானே ரப்பரால் அழித்தேன். அது நடந்தது மாசி மாதத்தில். அதன் பின் ஒன்பது மாதம் நான் நன்றாக உண்டேன், நன்றாக உறங்கினேன். இப்பொழுது நினைத்தால் கூசுவது அழித்ததைக் காட்டிலும் அந்த உறக்கத்தைத்தான்.

காரைக்காலில் முப்பத்தோராண்டு உயிரியல் ஆசிரியனாகப் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் தருமபுரத்தில் சிறியதொரு வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். முழங்கால் வலிக்கு நடைப்பயிற்சி வேண்டும் என்றார் மருத்துவர். வெறுமனே நடக்கப் பிடிக்காமல், குளங்குளமாகச் சென்று தட்டான்களை எண்ணத் தொடங்கினேன். பக்கத்துக்கு ஐந்து கட்டம்: நாள், நேரம், வகை, எண்ணிக்கை, நீரைப் பற்றிய குறிப்பு. நான்காண்டில் இருபத்திரண்டு நீர்நிலைகளைப் பதிவு செய்தேன். செய்தித்தாள் ஒன்று என் படத்துடன் ஒரு பத்தி வெளியிட்டது. அன்றுமுதல் கடைத்தெருவில் நான் ‘தட்டாம்பூச்சி சார்’ ஆனேன். அழைப்பவர்கள் கேலியாக அழைத்தாலும் எனக்கு உள்ளூர இனித்தது.

தட்டான் தன் இளமையை நீருக்கடியில் கழிக்கிறது. பறக்கும் பருவம் அதன் வாழ்வில் சிறு பகுதியே. ஆகவே நீர் கெட்டால் தட்டான் குறையும் என்று வகுப்பில் சொல்வேன். ‘தட்டான் மிகுந்த நீர்நிலை தூய நீர்நிலை’ என்னும் வரியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன். தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண்.

அந்த வரியை மறக்காத மாணவன் ஒருவன் இருந்தான். பெயர் சோமசேகரன். இப்பொழுது திருநள்ளாற்றில் யாத்திரிகர் தங்கும் விடுதி நடத்துகிறான். மாசி மாதம் ஒருநாள் ஆப்பிளும் சாத்துக்குடியும் அடுக்கிய தட்டுடன் வீட்டுக்கு வந்து, காலில் விழுந்து எழுந்தான்.

“லாட்ஜுக்குப் பின்னாடி கோரைக்குளம் இருக்குல்ல சார். எங்க கழிவுத்தண்ணி அதுல கலக்குதுன்னு அந்தத் தெருக்காரங்க மனு போட்டுட்டாங்க. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல விளக்கம் கேக்குறாங்க” என்றான்.

“கலக்குதா?”

“மொட்டமாடி மழத்தண்ணி போறதுக்கு ஒரு குழாய் இருக்கு சார். அவ்வளவுதான். நீங்க ஒரு தடவ வந்து தட்டான எண்ணிட்டு, உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்தாப் போதும். தண்ணி கெட்டிருந்தா தட்டான் இருக்காதுல்ல? நீங்க சொல்லிக் குடுத்ததுதான.”

முப்பதாண்டுக்கு முன் நான் சொன்னதை ஒருவன் என்னிடமே திருப்பிச் சொல்லக் கேட்டபோது, என் நெஞ்சு நிமிர்ந்தது. சம்மதித்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குளத்தின் மேட்டுக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எனக்காகக் காத்திருந்தது. விடுதிப் பணியாள் குடை பிடித்தார். இளநீர் வந்தது. நீர்விளிம்பு அங்கிருந்து இருபதடிக்குக் கீழே. வழக்கமாக நான் விளிம்புவரை இறங்கி, குனிந்து, நீரைக் கையில் அள்ளிப் பார்ப்பவன். அன்று இறங்கவில்லை. முழங்கால் வலி என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கண்ட காட்சி மெய்யாகவே அழகியது. ஒவ்வொரு கோரைத்தாளின் நுனியிலும் ஒரு தட்டான். உடல் கனன்ற தணலின் நிறம், சிறகின் அடிப்பாதியில் செம்மஞ்சள் பூச்சு, நுனிப்பாதி கண்ணாடி. பெட்டைகள் மங்கிய மஞ்சளில் நீரை ஒட்டித் தாழப் பறந்தன. ஓர் ஆண் மற்றோர் ஆணை விரட்டிச் சென்று, சுற்றிவந்து, புறப்பட்ட அதே நுனியில் மீண்டும் அமர்ந்தது. ஒரு மணி நேரத்தில் நூற்று நாற்பத்து மூன்று எண்ணினேன். வேறெந்தக் குளத்திலும் நாற்பதைத் தாண்டியதில்லை. வகை என்னும் கட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எழுத முடிந்தது என்பதை என் கண் கண்டது. எண்ணிக்கையின் மயக்கத்தில் மனம் அதன்மேல் தங்கவில்லை.

எழுந்து நின்றபோது தென்மேற்கு மூலையைப் பார்த்தேன். விடுதியின் பின்மதிலிலிருந்து வந்த குழாயின் வாயில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. விழுந்த இடத்தில் வெண்ணுரை திரண்டு நின்றது. தை பிறந்ததிலிருந்து ஒரு துளி மழையும் இல்லை. அப்பொழுது காற்று திரும்பியது. குடை பிடித்தவர் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். நான் ஐந்தாம் கட்டத்தில் எழுதினேன்: ‘குழாயில் நீர். நுரை. நாற்றம்.’

விடுதி அலுவலக அறையில் மேலாளர் என் குறிப்பேட்டை நகலெடுக்கக் காத்திருந்தார். நகலைக் கடிதத்துடன் இணைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தை இயக்க உள்ளறைக்குப் போனார். நான் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். பின்னர், ‘கேட்கப்பட்டது தட்டானின் கணக்கு, குழாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை’ என்று ஒரு நியாயம் தோன்றியது. மேசைமேல் ரப்பர் இருந்தது. அழித்தேன். ஊதித் தூளை அகற்றினேன். வீட்டுப்பாடத்தில் விடையை அழித்து எழுதிய பிள்ளைகளை வாசலில் முட்டிபோட வைத்தவன் நான்.

கடிதம் என் கைப்பட எழுதியது: ‘ஒரு மணி நேரத்தில் நூற்று நாற்பத்து மூன்று தட்டான்கள் காணப்பட்டமையால், இக்குளத்து நீர் நலமுடையது என்பது என் கருத்து.’ கீழே கையொப்பம். அதன்கீழ் ‘ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்’. வரவேற்பறையில், பெட்டிகளுடன் நின்ற யாத்திரிகர்களின் முன்னிலையில், சோமசேகரன் எனக்குப் பொன்னாடை போர்த்தினான். “எங்க சாருங்க. தட்டாம்பூச்சி சார்னா காரைக்கால் பூராவும் தெரியும்” என்றான். தெருவினரின் மனு முடித்துவைக்கப்பட்டது என்று பங்குனியில் தொலைபேசியில் தெரிவித்தான். நல்லது என்றேன்.

கார்த்திகையில் ஒரு முற்பகல், மழை விட்டிருந்த வேளையில், வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பாலித்தீன் உறை.

“கைலாசநாதன் சார் வீடு இதுங்களா?”

“நான்தாம்மா. உள்ள வாங்க.”

“இல்லங்க, காலெல்லாம் சேறு. இங்கயே நிக்கிறேன். எம்பேரு தேவிகா. கோரைக்குளத் தெரு.” உறையைப் பிரித்து ஒரு நகலை நீட்டினார். “இது உங்க கையெழுத்துங்களா?”

ஆம் என்றேன்.

“அந்தத் தண்ணி நல்ல தண்ணின்னு எழுதியிருக்கீங்க.”

“அங்க தட்டான் நெறய இருந்துச்சும்மா. கெட்ட தண்ணியில தட்டான் பெருகாது.”

“எந்தத் தட்டான் சார்? செவப்பா, றெக்கையில பாதிக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனாப்புல இருக்குமே, அதுங்களா?”

“அதேதான்.”

“அது சாக்கடைத் தட்டான் சார்” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “எங்க தெருவுல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். குழாய் போடுறதுக்கு முன்னாடி ஊசித்தட்டான் வரும், பச்சத்தட்டான் வரும், நீலமா ஒண்ணு வரும். இப்ப இது ஒண்ணுதான். அதுக்கு அந்தத் தண்ணி புடிச்சிருக்கு. எங்களுக்குத்தான் புடிக்கல.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“எம்பொண்ணு நித்யஸ்ரீக்கு ஏழு வயசு. முட்டிக்குக் கீழ பூரா புண்ணு. ஆஸ்பத்திரி மருந்து போட்டா ஆறுது, குளத்துல எறங்குனா திரும்ப வருது. தெருக்குழாயில ஒரு மணி நேரம் தண்ணி வரும். அதுல குடிக்கப் புடிப்பனா, குளிக்கப் புடிப்பனா? எங்க மாடு ரெண்டும் குளத்துக்கிட்டப் போயி மோந்து பாத்துட்டுத் திரும்பிடுதுங்க. மாட்டுக்குத் தெரியுது. நீங்க மோந்து பாக்கலயா சார்?”

“அன்னைக்குக் காத்து அந்தப் பக்கம் அடிச்சுதும்மா” என்றேன்.

அந்தப் பொய்யை நான் ஆயத்தம் செய்து வைத்திருக்கவில்லை. அது தானாக வந்தது. அவ்வளவு எளிதாக வந்ததே பின்னர் என்னை அச்சுறுத்தியது.

அவர் நகலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “புதுசா ஒரு பொறியாளரம்மா வந்திருக்காங்க. மனுவத் திரும்ப எடுத்து, வர்ற செவ்வாக்கெழம விசாரணைன்னு சொல்லியிருக்காங்க. குழாயில மழத்தண்ணிதான் வருதுன்னு லாட்ஜுக்காரரு சாதிக்கிறாரு. இப்ப மழ பேயிது; எப்பப் போயிப் பாத்தாலும் தண்ணி வரத்தான் செய்யும். குளமும் ரொம்பிருச்சு, நாத்தமும் கொறஞ்சிருச்சு. வெயில் காலத்துல அங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்து பாத்த வெளியாளு நீங்க ஒருத்தர்தான் சார். நாங்க சொன்னா, தெருக்காரங்க அப்படித்தான் சொல்வாங்கங்குறாங்க.” நகலை மடித்து உறையில் வைத்துக்கொண்டார். “என்ன பாத்தீங்களோ அத வந்து சொல்லுங்க. பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லுங்க. அதுவும் சரிதான்.”

அவர் சென்றபின் என் மனைவி மங்கையர்க்கரசி கதவோரம் வந்து நின்றாள்.

“காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?”

“எதுக்கு இப்ப அது?”

“அன்னைக்கு வந்ததும் வராததுமா வேட்டியக் கழட்டி ஊறப் போட்டீங்க. சாக்கடை நாத்தம் ஒட்டிக்கிட்டு வருதுன்னு சொன்னீங்க. பொன்னாடைய மட்டும் ஊறப் போடல. அத பீரோவுல வெச்சீங்க.” சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வெயில் முகங்காட்டியதும் கடைத்தெருப் பின்புறத்துச் சாக்கடை வாய்க்காலுக்குச் சென்றேன். நான்காண்டாகக் குளங்களையே நாடிய நான், அங்கு ஒருநாளும் நின்றதில்லை. கறுத்த நீர். வாழைமட்டையும் பாலித்தீன் பைகளும் தேங்கிக் கிடந்தன. அவற்றின்மேல், தணல் நிறத்தில், பாதிச்சிறகு செம்மஞ்சளாக, பதினேழு தட்டான்கள் அமர்ந்திருந்தன. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். நல்ல குளம் ஒவ்வொன்றிலும் ஏழு வகை, ஒன்பது வகை, ஒவ்வொரு வகையிலும் சிற்சில. ஒரே வகை மட்டும் பெருகி, மற்றவை யாவும் மறைந்துபோன பக்கம் ஐம்பத்தெட்டு ஒன்றுதான். என் கணக்கே எனக்கெதிராகச் சான்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. என் பிழையான வரியை எத்தனை நூறு பிள்ளைகள் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கினார்களோ.

எனினும் அறியாமையால் நேர்ந்த பிழை வேறு, அழித்தது வேறு. முன்னதைச் சொல்ல எனக்குத் துணிவு இருந்தது. சொல்லப்போனால், தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் அறிஞனைப் போல அதைச் சொல்லிவிடலாம் என்றுகூட எண்ணினேன். பின்னதைச் சொல்லாமலே தப்ப வழியுண்டா என்று வெள்ளிமுதல் திங்கள்வரை யோசித்தேன்.

திங்கட்கிழமை சோமசேகரன் வந்தான்.

“கூப்புட்டாங்கன்னு போயி நிக்காதீங்க சார். ஒடம்பு முடியலன்னு சொல்லிடுங்க. இன்னும் ரெண்டு மாசத்துல பின்னால ஒரு தொட்டி கட்டிடப் போறேன்.”

“அப்ப குழாயில வர்றது என்னா தண்ணி, சோமு?”

அவன் சிரித்தான். “நீங்க பாத்தது தட்டான். எழுதுனது தட்டான். அதுல பொய் எங்க சார் இருக்கு?”

ஒன்பது மாதமாக எனக்கு நானே சொல்லிவந்த சொற்கள் அவை. இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அவற்றின் முகம் தெரிந்தது. நாளை வருவேன் என்று மட்டும் சொன்னேன். அவன் முகம் மாறிற்று. ஆனாலும் விடைபெறும்போது குனிந்து காலைத் தொட்டான். நான் தடுத்திருக்க வேண்டும்.

விசாரணை காரைக்காலில், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முதல்மாடி அறையில் நடந்தது. பொறியாளர் ஷஃபீனா, தலையில் முக்காடிட்ட இளம்பெண், கோப்பைப் பிரித்து வைத்திருந்தார். ஒருபக்கம் சோமசேகரனும் அவன் மேலாளரும். மறுபக்கம் தேவிகாவும் அவர் தெருப்பெண்கள் அறுவரும். நாற்காலி போதாமையால் பெண்களுள் நால்வர் நின்றனர். எனக்கு மட்டும் அலுவலர் ஒருவர் எழுந்து தம் நாற்காலியைத் தந்தார்.

“சொல்லுங்க சார்” என்றார் ஷஃபீனா.

அந்தத் தட்டான் கழிவுநீரிலும் பெருகும் வகை என்பதையும், என் கடிதத்தின் முடிவு பிழையானது என்பதையும் கூறினேன். அறையில் ஒரு சிறு சலசலப்பு எழுந்து அடங்கியது.

ஷஃபீனா எழுதிக்கொண்டார். “சரிங்க சார். அந்த வகையப் பத்தி அப்பத் தெரியாம எழுதிட்டேன், கடிதத்த வாபஸ் வாங்குறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. போதும். உங்கள மேற்கொண்டு சிரமப்படுத்தல.”

“அப்ப குழாய்?” என்றார் தேவிகா.

“அது தனிம்மா. கடிதம் போயிருச்சுன்னா இவங்க சொல்றதும் நீங்க சொல்றதும்தான் பாக்கி. தண்ணி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனா இப்ப மழத்தண்ணி கலந்து கெடக்கு. கோடை வந்தப்புறம் எடுத்தாத்தான் சரியா வரும்.”

கோடை வந்தப்புறம். தேவிகா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். இரண்டு வரி எழுத என்முன் வெள்ளைத்தாள் வைக்கப்பட்டது. அதை எழுதியிருந்தால், மரியாதை குன்றாமல் படியிறங்கியிருப்பேன். பேனாவைத் திறக்கவும் செய்தேன்.

“இன்னொண்ணு இருக்கு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. “மாசி மாசம் பதினெட்டாந்தேதி. காலையில ஒம்பது மணி. மழை பேஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆயிருந்துச்சு. அன்னைக்கு அந்தக் குழாயில தண்ணி வந்துக்கிட்டிருந்துச்சு. சோப்பு நுரை இருந்துச்சு. நாத்தம் இருந்துச்சு. நான் பாத்தேன். என் நோட்டுல எழுதுனேன். அப்புறம் இவங்க ஆபீஸ்ல உக்காந்து நானே அழிச்சேன்.”

“யாராவது அழிக்கச் சொன்னாங்களா சார்?” என்றார் ஷஃபீனா.

சோமசேகரன் என்னை நோக்கினான். ஆமென்று சொல்லியிருந்தால் என் பாரத்தில் பாதி அவன்மேல் போயிருக்கும்.

“இல்லம்மா. யாரும் சொல்லல. அவங்களுக்குத் தெரியவும் தெரியாது. நானாத்தான் அழிச்சேன்.”

“ஏன் சார்?”

அதற்கு நேர்மையான விடை ஒன்றுதான் இருந்தது. அது மிகவும் அற்பமாக இருந்தது. “அவங்க என்ன ரொம்ப மரியாதையா நடத்துனாங்க” என்றேன்.

நின்றிருந்த பெண்களுள் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றொருவர் அவர் கையைக் கிள்ளினார். அந்தச் சிரிப்பில் தவறேதும் இல்லை.

குறிப்பேட்டை ஷஃபீனா வாங்கி, அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பென்சிலின் அழுத்தம் தாளில் தங்கியிருந்தது. நான் சொன்னதை என் வாக்குமூலமாக எழுதி வாங்கிக்கொண்டார். மழையில்லா மாதத்தில் மழைநீர்க்குழாய் ஓடியது எப்படி என்று சோமசேகரனிடம் வினவினார். அவன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் கோப்பைப் பார்த்தார். அன்று மாலைக்குள் குழாயின் வாய் தம் கண்முன் அடைக்கப்பட வேண்டும் என்றும், தொட்டி கட்டிமுடிக்கும்வரை கழிவுநீரை லாரியில் எடுத்துச்செல்ல வேண்டும் என்றும் பொறியாளர் உத்தரவிட்டார். மேல்முறையீடு செய்யலாமா என்று மேலாளர் கேட்டார். செய்யலாம், குழாயை அடைத்துவிட்டுச் செய்யுங்கள் என்றார் அவர்.

படியில் இறங்கும்போது சோமசேகரன் என்னைக் கடந்து சென்றான். வணங்கவில்லை. எனக்கு ஓரளவு ஆறுதலாயிருந்தது.

மழை மீண்டும் தூறத் தொடங்கியிருந்தது. தெருப்பெண்கள் பேருந்து நிறுத்தத்தின் கூரைக்கடியில் நின்று, மாலையில் யார் யார் குளத்துக்குப் போய்க் குழாய் அடைப்பதைப் பார்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தனர். நான் சற்று விலகி நின்றேன். தேவிகா அவர்களைவிட்டு என்னருகில் வந்தார். நன்றி சொல்வாரோ என்று அஞ்சினேன்.

“ஒண்ணு கேக்கணும் சார்.”

“கேளுங்கம்மா.”

“நான் உங்க வீட்டத் தேடி வரலன்னா, நீங்களா வந்து சொல்லியிருப்பீங்களா?”

என்றாவது ஒருநாள் சொல்லியிருப்பேன் என்னும் வாக்கியம் நாவின் நுனிவரை வந்தது. காற்று அந்தப் பக்கம் அடித்தது என்பதும் அப்படித்தான் வந்தது.

“வந்திருக்க மாட்டேம்மா” என்றேன்.

அவர் தலையை அசைத்தார். கோபமும் இல்லை, வியப்பும் இல்லை. “சரி சார். படியில முட்டியப் புடிச்சுக்கிட்டு எறங்குனீங்களே, மழையில நிக்காதீங்க” என்றார்.

திருநள்ளாற்றுப் பேருந்து வந்தது. பெண்கள் முண்டியடித்து ஏறினர். அந்தக் குழந்தையின் கால் இப்பொழுது எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்க எனக்கு வாய் வருவதற்குள் பேருந்து புறப்பட்டுவிட்டது.